குற்றம் குறைக்கும் கூட்டுறவு



ஒரு தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேள்வியுற்றதும் நம்மிடையே எழும் முதல் வினா, "போலீசார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்பதாகும். இரண்டாவது வினா, "திருடன் அகப்பட்டானா?" என்பது. மூன்றாவதாகவும் ஒரு வினா உண்டு. "இந்த வீட்டில், இந்த நேரத்தில், இந்த முறையில் திருடுவது ஏன் இத்துணை எளிதாயிற்று?" என்பதே அது. முதல் இரண்டு வினாக்களையும் எல்லாரும் கேட்பர். மூன்றாவதைக் கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும் ஊருக்கு நிலையான பயன் தருவது அந்த மூன்றாவது வினாதான் என்பதை இன்று உங்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அதற்குச் சான்றாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு முயற்சியை எடுத்துக்கொள்கிறேன்.

முதற்கண் இரண்டு சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வது நல்லது. சட்டம் தண்டிக்கும் செயல் குற்றம். களவு, கொள்ளை, அடிதடி போன்றவை இவ்வகையின. ஒழுங்கின்மை என்பது சற்று வேறானது. நள்ளிரவில் கூச்சலிடுதல், குடித்துவிட்டு வழியில் நின்று ஏசுதல், பொதுச் சுவர்களில் கிறுக்குதல், குப்பையைத் தெருவில் கொட்டுதல், விளக்குகளைக் கல்லெறிந்து உடைத்தல் முதலியன அதனுள் அடங்கும். இவை தனித்தனியே பார்க்கும்போது சிறியவை. ஆனால் நாள்தோறும் நடந்தால், மாலை மயங்கியதும் முதியோர் வெளியே வர அஞ்சுவர். கடைக்காரர் முன்னேரத்திலேயே கதவடைப்பர். பெற்றோர் பிள்ளைகளை வீட்டினுள் பூட்டி வைப்பர். தெரு ஆளரவமற்றுப் போகும். ஆளரவமற்ற தெருவைப் போலக் கள்வனுக்கு உதவுவது வேறில்லை. ஆதலின் இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது அறிஞர் பலருடைய கருத்து.

லண்டன் மாநகருக்கு முறையான போலீஸ் படை 1829-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதனை அமைத்தவர் அந்நாளில் உள்நாட்டு மந்திரியாக இருந்த ராபர்ட் பீல் என்பவர். குற்றம் நிகழாமல் தடுப்பதே தலையாய நோக்கம் என்று அப்படையினருக்கு முதன்முதலில் வழங்கப்பட்ட கட்டளைகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. காலம் செல்லச் செல்ல அந்நோக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. குற்றம் நடந்தபின் விரைந்து வருவதும், குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதும், வழக்குத் தொடுப்பதுமே போலீசாரின் வேலை என்ற எண்ணம் நிலைபெற்றது. 1950-களின் நடுப்பகுதி தொடங்கி 1990-களின் தொடக்கம் வரையில் அந்நாட்டில் பதிவான குற்றங்களின் தொகை பெரும்பாலும் ஏறிக்கொண்டே சென்றது. படையைப் பெருக்கியும், வண்டிகளும் கருவிகளும் வாங்கிக் கொடுத்தும் அந்த ஏற்றம் நிற்கவில்லை.

காரணம் யாது? சற்று எண்ணிப் பாருங்கள். தெருவில் விளக்கில்லை என்றால் விளக்குப் போடவேண்டியது நகர மன்றம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் வலுவற்றது என்றால் அதை மாற்றவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். பள்ளிக்கு வராமல் திரியும் சிறுவனைப் பற்றி அறிந்தவர் ஆசிரியர். சிறையிலிருந்து வெளிவந்தவன் பிழைக்க வழியின்றி இருப்பதை அறிந்தவர் நன்னடத்தை அலுவலர். மதுக்கடை எத்தனை மணிக்கு மூடவேண்டும் என்று உரிமம் அளிப்பவர் இன்னொருவர். அடிபட்டு வந்தவனின் காயத்தைத் தைப்பவர் மருத்துவர். குற்றத்தின் வேர்கள் இத்தனை இடங்களில் பரவிக் கிடக்கின்றன. போலீசார் கையிலோ கிளையை வெட்டும் கத்தி மட்டுமே உண்டு. ஒவ்வொரு துறையும் தன் அறைக்குள் இருந்துகொண்டு தன் தாள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், முழு உண்மை எவர் கண்ணுக்கும் புலப்படாது.

இதனை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு சிறிய குடியிருப்பு. இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டர் நகருக்கு அருகே, ராச்டேல் என்னும் ஊர் இருக்கிறது. கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் படித்த மாணவர்களுக்கு இவ்வூர்ப் பெயர் புதியதன்று. 1844-ஆம் ஆண்டில் இவ்வூர் நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் சிலர் கூடித் தொடங்கிய பண்டகசாலைதான் பிற்காலக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியைப் பின்பற்றியதேயாகும். அதே ராச்டேலில், வேறொரு வகையான கூட்டுறவு 1980-களில் பிறந்தது.

அவ்வூரில் கிர்க்ஹோல்ட் என்பது நகர மன்றத்துக்குச் சொந்தமான குடியிருப்பு. ஏறத்தாழ 2,280 வீடுகள் கொண்டது. பஞ்சாலைத் தொழில் நலிந்து வேலையின்மை மலிந்திருந்த காலம் அது. 1985-ஆம் ஆண்டில் அங்கே கன்னமிடும் திருட்டு மிகுந்து, ஓராண்டில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்னும் அளவை நெருங்கியது. குடியிருந்தோர் பெரும்பாலும் எளியவர்கள். இழந்த பொருளை ஈடுசெய்து வாங்க அவர்களுக்கு வகையில்லை.

அந்நிலையில் போலீசாரும், நன்னடத்தைத் துறையினரும், நகர மன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவினரும், மான்செஸ்டர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் ஒன்றுகூடினர். அவர்கள் செய்த முதற் காரியம் கேட்டறிதல். திருட்டுக்குள்ளான வீட்டார் 237 பேரையும், அவர்களுடைய அண்டை வீட்டார் 136 பேரையும் வினவினர். அத்துடன் நில்லாமல், அப்பகுதியில் கன்னமிட்டுத் தண்டனை பெற்ற 76 பேரையும் கண்டு, "எந்த வீட்டைத் தேர்ந்தாய்? ஏன் தேர்ந்தாய்? எவ்வழியாக நுழைந்தாய்?" என்று கேட்டனர். கள்வனிடமே பாடம் கேட்டுக்கொண்ட இச்செயல் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அணையில் எங்கே கசிகிறது என்று தண்ணீரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

விடைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, அவ்வீடுகளில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம் செலுத்தும் முறை பற்றியது. அளவுமானியுடன் ஒரு பெட்டி இணைக்கப்பட்டிருக்கும். குடியிருப்போர் அதில் நாணயம் இட்டால் வாயுவோ மின்சாரமோ வரும். ஒவ்வொரு வீட்டிலும் பணம் நிறைந்த உண்டியல் ஒன்று, எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்படி, இருந்தது என்று சொல்லலாம். நடந்த திருட்டுகளில் ஏறத்தாழப் பாதியில் களவு போனது இந்தப் பெட்டியிலிருந்த காசே. இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. ஒரு முறை திருட்டுப் போன வீடு, மற்ற வீடுகளைக் காட்டிலும் நான்கு மடங்கு மிகுதியாக மீண்டும் திருட்டுக்கு உள்ளாயிற்று. பட்ட காலிலே படும் என்று நம் முன்னோர் கூறிய பழமொழிக்கு அங்கே கணக்கே கிடைத்துவிட்டது.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து தேடுவது கடினமன்று. எரிவாயு, மின்சார நிறுவனங்கள் நாணயப் பெட்டிகளை எடுத்துவிட்டு வேறு முறையில் கட்டணம் செலுத்த வகை செய்தன. திருட்டுப் போன வீட்டின் கதவு, சன்னல், பூட்டு ஆகியவற்றை நகர மன்றம் உடனே வலுப்படுத்தியது. வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட ஊழியர் வீடு வீடாகச் சென்று ஆலோசனை கூறினர். இவையெல்லாவற்றினும் சிறந்தது அண்டை வீட்டாரின் உதவி. திருட்டுப் போன ஒரு வீட்டைச் சுற்றியுள்ள ஏறத்தாழ ஆறு வீட்டாரை அழைத்து, அவ்வீட்டை மட்டும் சில காலம் கண்ணுங் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டினர். பட்டுப்புழுவைச் சுற்றி நூற்கூடு அமைவதுபோல் அமைந்ததால் இதற்கு நூற்கூட்டுக் காவல் என்றே பெயரிட்டனர். ஊர் முழுவதையும் காவல் காக்கச் சொன்னால் ஒருவரும் காக்கமாட்டார். அடுத்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எவரும் மறுக்கமாட்டார். மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு இது.

பயன் விரைவில் தெரிந்தது. திட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து மாதங்களுக்குள் திருட்டு முன்னிருந்ததில் நூற்றுக்கு 40 என்னும் அளவுக்குக் குறைந்தது. மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 75 குறைந்தது. அடுத்த கட்டமாக, கடன்பட்டோருக்கு உதவச் சிறு சேமிப்புக் கூட்டுறவுச் சங்கமும், பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சியும், தண்டனை பெற்றோர் திருந்தி வாழ்வதற்கான குழுப் பயிற்சியும் தொடங்கப்பட்டன. பூட்டை மாற்றுவதோடு நில்லாமல், பூட்டை உடைக்கும் நிலைக்கு ஒருவனைத் தள்ளும் காரணங்களையும் அவர்கள் கருதினர் என்பதைக் கவனியுங்கள்.

இம்முறையின் உயிர்நாடி, செயலுக்கு முன் ஆராய்ச்சி என்பதே. இதைப் பெரிய விஞ்ஞானம் என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், கொட்டகையில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் மணிகள் காணாமற் போயின. மாணவர் சிலர்மீது ஐயங் கொண்டு சோதனையிட வேண்டும் என்று பலர் கூறினர். புகார்களை நாள், நேரம் குறித்து ஓர் ஏட்டில் எழுதிவரும்படி மாணவர் தலைவனிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் ஏடு விடை கூறிவிட்டது. காவலாளி அஞ்சல் நிலையத்துக்குச் சென்றுவரும் இரண்டு நாட்களின் பிற்பகலில்தான் மணிகள் மறைந்தன. அவர் சென்றுவரும் நேரத்தை முற்பகலுக்கு மாற்றினோம். மணிகள் களவு போவது நின்றது. ஒருவரையும் அவமதிக்க நேரவில்லை. பெரிய நகரங்களில் நடப்பதும் இதன் விரிவேயன்றி வேறன்று.

கிர்க்ஹோல்ட் போன்ற முயற்சிகள் தொடக்கத்தில் ஆர்வமுள்ள சிலரின் விருப்பத்தால் நடந்தவை. குற்றத்தடுப்பு போலீசாருக்கு மட்டும் உரிய பொறுப்பன்று என்று பிரிட்டிஷ் அரசாங்கம் 1984-ஆம் ஆண்டிலேயே ஒரு சுற்றறிக்கை விடுத்திருந்தது. ஆனால் சுற்றறிக்கை அறிவுரையே, கட்டளையாகாது. ஜேம்ஸ் மார்கன் என்பவர் தலைமையில் அமைந்த குழு இந்நிலையை ஆராய்ந்து 1991-இல் ஓர் அறிக்கை அளித்தது. உள்ளாட்சி மன்றங்களுக்கு இதில் சட்டப்படியான பொறுப்பு அளிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. அப்போதைய அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1997-இல் ஆட்சி மாறியபின், 1998-ஆம் ஆண்டில் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் உள்ளாட்சி மன்றத்தையும் போலீஸ் தலைவரையும் ஒரே நுகத்தில் பூட்டியது. இருவரும் சேர்ந்து தங்கள் பகுதியின் குற்ற நிலையை ஆராய்ந்து, மக்களைக் கலந்து, திட்டம் வகுத்து வெளியிட வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வாறு 370-க்கும் மேற்பட்ட கூட்டமைப்புகள் ஏற்பட்டன. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியே தீயணைப்புத் துறையும் சுகாதாரத் துறையும் இப்பொறுப்பில் சேர்க்கப்பட்டன. 2010-இல் நன்னடத்தைத் துறையும் சேர்ந்தது. பள்ளிகளும், தொண்டு நிறுவனங்களும், வணிகர் சங்கங்களும் அழைப்பின்பேரில் கலந்துகொள்ளும். இன்று இவை சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்புகள் என்று வழங்குகின்றன.

1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தனியே குறிப்பிடத்தக்கது. உள்ளாட்சி மன்றம் எந்தப் பணியைச் செய்தாலும், அதனால் குற்றம் பெருகுமா குறையுமா என்று எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும் என்கிறது அப்பிரிவு. பூங்கா அமைக்கும் பொறியாளர், புதர் எவ்வளவு உயரம் வளரலாம் என்று எண்ண வேண்டும். வீடு கட்டுவோர், மாடிப்படியில் இருட்டு மூலை உண்டா என்று பார்க்க வேண்டும். பஸ் நிறுத்தத்தை எங்கே வைப்பது என்பதுகூடப் பாதுகாப்பைப் பற்றிய வினாவாகிவிடுகிறது.

இனி, இத்தகைய கூட்டமைப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம். முதற்படி, செய்திகளைத் திரட்டுதல். போலீசாரின் பதிவேடு, தீயணைப்பு நிலையத்தின் குறிப்பு, பள்ளியின் வருகைப் பதிவு, வீட்டுவசதிப் பிரிவுக்கு வந்த புகார் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறிப்பர். குற்றம் ஊரெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில இடங்களில், சில நேரங்களில், சிலரையே மீண்டும் மீண்டும் தாக்குகிறது என்பது உடனே விளங்கும். முன்பு மூன்றாண்டுக்கு ஒரு முறை இந்த மதிப்பீட்டைச் செய்தனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் ஆண்டுதோறும் செய்யும் முறை வந்தது.

இரண்டாம் படி, முதன்மையானவற்றைத் தேர்ந்தெடுத்தல். எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய முயல்வோர் ஒன்றையும் செய்து முடிப்பதில்லை. ஆகவே மூன்று நான்கு சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்வர். மூன்றாம் படி, காரணத்தை ஆராய்தல். குற்றம் நிகழ மூன்று கூட வேண்டும்: செய்யத் துணிந்தவன் ஒருவன், அவனுக்கு இலக்காகும் ஆளோ பொருளோ, காப்பாரற்ற இடம். இம்மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாக எழுதிக்கொண்டு, எந்தப் பக்கத்தை எளிதில் உடைக்கலாம் என்று பார்ப்பர். நான்காம் படி, இன்ன வேலை இன்னாருடையது, இன்ன நாளுக்குள் என்று பகிர்ந்துகொள்ளுதல். ஐந்தாம் படி, பயன் விளைந்ததா என்று அளந்து பார்த்தல். இக்கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவதுண்டு. தேர்வு வைக்காத பாடம் போல அது பயனறியாப் பணியாய்ப் போய்விடும்.

மருத்துவர் ஒருவர் இப்பணியில் எவ்வாறு பங்கு கொள்ளக்கூடும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிப் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஜொனாதன் ஷெப்பர்டு என்னும் அறுவை மருத்துவர் முகத்திலும் தாடையிலும் அடிபட்டு வருவோர்க்குச் சிகிச்சை செய்துவந்தார். வார இறுதி நாட்களில் மதுச்சாலைகளுக்கு வெளியே நடக்கும் சண்டையில் உடைந்த கண்ணாடிக் குவளையால் குத்துண்டவர் பலர் அவரிடம் வந்தனர். ஆஸ்பத்திரிப் பதிவையும் போலீஸ் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர் தைத்த காயங்களில் பெரும்பகுதியைப் பற்றிப் போலீசாருக்கு ஒன்றுமே தெரியாது என்பது வெளியாயிற்று. அடிபட்டவர் அச்சத்தாலோ வெறுப்பாலோ புகார் கொடுப்பதில்லை.

ஷெப்பர்டு ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் பெயர் பதியும் எழுத்தர், அடிபட்டு வருவோரிடம் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால் அடிபட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, மற்றச் செய்திகள் மட்டும் கூட்டமைப்புக்கு அனுப்பப்படும். அதைக் கொண்டு போலீசார் ரோந்து செல்லும் இடங்களை மாற்றிக்கொண்டனர். நகர மன்றம் இரவில் கூட்டம் மிகும் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியது. சண்டை மலிந்த மதுச்சாலைகளின் உரிமம் கண்காணிக்கப்பட்டது. உடைந்தால் கூர்முனையாகாத குவளைகளைப் பயன்படுத்தும்படி வற்புறுத்தப்பட்டது. கார்டிப்பையும் அதை ஒத்த வேறு 14 நகரங்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரு லட்சம் மக்களுக்கு மாதந்தோறும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் கார்டிப்பில் 7-இலிருந்து 5 ஆகக் குறைந்தனர் என்றும், மற்ற நகரங்களில் 5-இலிருந்து 8 ஆக உயர்ந்தனர் என்றும் அது கண்டது. ஓர் எழுத்தர் கேட்ட மூன்று கேள்விகளின் பயன் இது.

இதுகாறும் நன்மைகளைக் கூறினேன். குறைகளைக் கூறாமல் விட்டால் ஆசிரியனுடைய கடமையில் வழுவியவனாவேன்.

முதற்குறை, பார்த்து எழுதுதல். கிர்க்ஹோல்ட்டின் புகழைக் கேட்டுப் பல ஊர்கள் அதே திட்டத்தைத் தங்களிடத்திலும் செய்தன. சில இடங்களில் பயன் விளைந்தது. சில இடங்களில் விளையவில்லை. விளையாத ஊர்கள் பெரும்பாலும் கிர்க்ஹோல்ட்டின் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே நோய் ஆராய்ந்த முறையை விட்டுவிட்டன. அடுத்தவனுடைய கணக்கைப் பார்த்து விடையை எழுதுபவன், வினாத்தாளில் எண்கள் மாறியிருப்பதைக் கவனிப்பதில்லை.

இரண்டாங்குறை, கூடிப் பேசிக் கலைதல். இது சிறிய குறை என்று எண்ணவேண்டா, உயிரையே வாங்கியதுண்டு. இங்கிலாந்தில் ஒரு தாய், கற்றல் குறைபாடுள்ள தம் பிள்ளைகளுடன் வாழ்ந்துவந்தார். அவ்விடத்து இளைஞர் சிலர் ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டின்மீது கல்லெறிந்தும் ஏசியும் துன்புறுத்தினர். பத்தாண்டில் 33 முறை அத்தாய் போலீசாரிடம் முறையிட்டார். ஒவ்வொரு முறையும் அது தனியொரு சிறு புகாராகவே எழுதப்பட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் இல்லை. 2007-ஆம் ஆண்டில் அத்துயரம் தாய், மகள் என்ற இரு உயிர்களின் முடிவில் சென்று நின்றது. போலீசாரும் உள்ளாட்சி மன்றங்களும் செய்திகளைப் பகிர்ந்துகொண்டு காக்கத் தவறினர் என்பது 2009-இல் நடந்த மரண விசாரணையில் வெளியாயிற்று. அந்தப் பகுதியிலும் கூட்டமைப்பு இருந்தது, சட்டமும் இருந்தது. 33 தாள்களை ஒரே மேசையில் அடுக்கிப் பார்க்கும் ஒரு கைதான் இல்லை. இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாக, 2014-ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்கு ஓர் உரிமையை அளித்தது. மீண்டும் மீண்டும் முறையிட்டும் பயனில்லாதவர், துறைகள் அனைத்தும் ஒன்றுகூடித் தம் வழக்கை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று கோரலாம்.

மூன்றாங்குறை, இளைஞரையெல்லாம் பகைவராகக் கருதுதல். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சமூக விரோத நடத்தைக்குத் தடையாணை பிறப்பிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. இன்ன தெருவுக்குப் போகாதே, இன்னாருடன் சேராதே என்பன போன்ற ஆணைகள் அவை. அவற்றை மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு. ஆணை பெற்றவருள் கணிசமானோர் 10 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். அவை பலமுறை மீறப்பட்டன. சில சிறுவர் அவற்றைப் பதக்கம்போலப் பெருமை பேசியதும் உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாணைகளை நீக்கி வேறு முறைகளை வகுத்தது. இளைஞர் நாலு பேர் தெருமுனையில் நின்று சிரித்துப் பேசுவது ஒழுங்கின்மையாகாது. அவர்கள் நிற்பதற்கு அம்முனையைத் தவிர ஊரில் வேறு இடம் உண்டா என்று கேட்பது கூட்டமைப்பின் கடமை.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. துறைகள் செய்திகளைப் பகிர்ந்துகொள்வது நன்று என்றேன். ஆனால் மருத்துவரிடம் சொன்னதும், ஆசிரியரிடம் சொன்னதும் வரம்பின்றி எல்லார் கைக்கும் போய்விட்டால், நாளை ஒருவரும் அவர்களிடம் வாய் திறக்கமாட்டார். கார்டிப்பில் பெயரை நீக்கிவிட்டுச் செய்தியை அனுப்பியதன் நுட்பம் இதுவே. எவ்வளவு தேவையோ அவ்வளவே பகிர வேண்டும். எதற்கென்று சொல்லிப் பகிர வேண்டும்.

"ஓரிடத்தில் தடுத்தால் திருட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடாதா?" என்று உங்களுள் அறிவுடைய மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. சில சமயம் போகும். ஆனால் பல ஆராய்ச்சிகளின் முடிவைத் தொகுத்துப் பார்த்தோர், அவ்வாறு போவது தடுத்த அளவினும் குறைவே என்றும், சில வேளை அடுத்த தெருவுக்கும் நன்மை பரவியது என்றும் கண்டனர். வாய்ப்பைத் தேடி அலைபவன் குறைவு. வாய்ப்பு எதிர்ப்பட்டால் கை நீட்டுபவனே மிகுதி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1990-களின் நடுப்பகுதிக்குப்பின் இங்கிலாந்திலும் பல மேல்நாடுகளிலும் வீட்டுத் திருட்டும் வாகனத் திருட்டும் வெகுவாகக் குறைந்தன. அப்புகழ் முழுவதும் கூட்டமைப்புகளுக்கே உரியது என்று சொல்வது பொருந்தாது. வாகனங்களிலும் வீடுகளிலும் நல்ல பூட்டுகள் வந்ததும் பெருங்காரணம் என்பர் ஆராய்ச்சியாளர். 2010-க்குப்பின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அளிக்கப்பட்ட நிதி குறைந்தபோது, கூட்டமைப்புகள் பல தளர்ந்தும் போயின. மேசையைச் சுற்றி அமர ஆளும், வேலை செய்யப் பொருளும் இல்லையென்றால் சட்டம் மட்டும் நடந்து செல்லாது.

மாணவர்களே! தேர் அசைய வேண்டுமானால் வடத்தைப் பிடிக்கப் பல கைகள் வேண்டும். ஆனால் கைகள் மட்டும் போதா. சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். எந்த வீதியில் பள்ளம் இருக்கிறது என்று முன்னே சென்று பார்த்துவருபவன் ஒருவன் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கக் குரல் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். குற்றம் குறைக்கும் பணியும் அத்தகையதே. உங்களுள் சிலர் நாளைக்குப் போலீஸ் அதிகாரியாவீர்; சிலர் மருத்துவராவீர்; சிலர் நகரசபையில் பொறியாளராகவும், பள்ளியில் ஆசிரியராகவும், ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் எழுத்தராகவும் அமர்வீர். உங்கள் மேசைக்கு வரும் தாளில் ஊரின் துன்பம் ஒரு துண்டாக எழுதப்பட்டிருக்கும். மற்றத் துண்டுகள் யாருடைய மேசையில் இருக்கின்றன என்று எழுந்து போய்க் கேட்கும் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.